ஆளில்லாக் குடாநாடும் ஆள்வோர் பெயர்களும்

இடப்பெயர் ஆராய்ச்சி புவியியலாளருக்கும் மொழிநூலாருக்கும் உரிய துறை என்றும், இலக்கிய விமரிசகனுக்கு அங்கே அலுவல் எதுவும் இல்லை என்றும் கருதுவோர் நம்மிடையே பலர். இக்கருத்துப் பொருந்தாது என்பதே எமது துணிபு. பெயரிடுதல் என்பது ஒரு சொல்லைத் தெரிந்தெடுக்கும் செயல். எங்கே சொல் தெரிந்தெடுக்கப்படுகின்றதோ அங்கே தெரிந்தெடுப்பவனின் நோக்கும், அவன் சார்ந்து நிற்கும் வர்க்கமும், அவன் சொல்லாது விட்டவையும் உடன் நிற்கின்றன. ஆகவே ஒரு நிலப்பகுதியின் தேசப்படத்தில் அச்சாகியுள்ள பெயர்த்தொகுதியை ஒரு நூலை வாசிப்பதுபோல வாசிக்கலாம். நூலை எடைபோடுவதுபோல எடைபோடவும் வேண்டும்.

இவ்வாறான வாசிப்புக்கு நாம் இங்கு எடுத்துக்கொள்வது அந்தாட்டிக்குக் குடாநாடு. ஏன் இத்துணைத் தொலைவு போகவேண்டும் என வினவலாம். குடியேற்ற நாடுகளில் அந்நியன் சூட்டிய பெயர் ஏற்கெனவே வழங்கிய பெயரை மிதித்துக்கொண்டு வந்தது. ஆதலால் அநீதி கண்ணுக்குத் தெரிகின்றது. வடதுருவத்தை அடுத்த கிறீன்லாந்தில் தேனியர் 'கொட்ஹோப்' என்றழைத்த நகர், 1979 ஆம் ஆண்டில் தன்னாட்சி கிடைத்த பின்னர் அம்மண்ணின் மக்கள் தம் மொழியில் வழங்கிய 'நூக்' என்னும் பெயரை மீண்டும் பெற்றது. நூக் என்றால் முனை என்பது பொருள். தென்துருவத்திலோ மீட்பதற்குரிய பழைய பெயர் எதுவும் இல்லை. அங்கே குடிமக்கள் இருந்ததில்லை. எனவே அங்கு சூட்டப்பட்ட பெயர்கள் எவரையும் புண்படுத்தாதவை, குற்றமற்றவை, விஞ்ஞானத்தின் வசதிக்காக ஏற்பட்டவை என்று சொல்லப்படுகின்றது. இக்கூற்றையே நாம் பரிசீலிக்கப் புகுகின்றோம்.

முதலில் நிலத்தின் இயல்பைச் சிறிது நோக்குவோம். தென்துருவக் கண்டத்திலிருந்து தென்னமெரிக்காவின் முனையை நோக்கி வளைந்து நீண்டு கிடப்பது இக்குடாநாடு. நீளம் ஏறத்தாழ 1,300 கிலோமீற்றர். தியரா தெல் பியூகோவுக்கும் இதற்கும் இடையில் ஏறத்தாழ 1,000 கிலோமீற்றர் அகலமான திரேக்குத் தொடுகடல் கிடக்கின்றது. அந்தீசு மலைத்தொடரின் தொடர்ச்சியே கடலுள் ஆழ்ந்து மீண்டும் இங்கு எழுகின்றது என்பர் புவிச்சரிதவியலாளர். நடுவே பனி மூடிய ஒடுங்கிய மேட்டுநிலம். இருபுறமும் கடலை நோக்கி இறங்கும் பனிக்கட்டியாறுகள். மேற்கே எண்ணற்ற தீவுகள். கிழக்கே வெடெல் கடலின் மேல் மிதக்கும் பரந்த பனித்தட்டுகள். கண்டத்தின் ஏனைய பகுதிகளோடு ஒப்பிடும்போது இங்கே குளிர் குறைவு. கப்பல் அணுகுவதும் எளிது. இவ்வெளிமையே இதன் வரலாற்றை நிருணயித்தது. எளிதில் அணுகக்கூடிய இடத்துக்கு முதலில் வருவது விஞ்ஞானியல்லன், வணிகனே வருவான்.

1820 ஆம் ஆண்டு சனவரி 30 ஆம் நாள் பிரித்தானியக் கடற்படையைச் சேர்ந்த எட்வேர்ட் பிரான்ஸ்பீல்ட் இக்குடாநாட்டின் வடமுனையைக் கண்டு 'திரினிற்றி நிலம்' எனக் குறித்தார். அயர்லாந்தின் கோர்க் மாவட்டத்தைச் சேர்ந்த இவர், 1803 இல் தமது தந்தையின் மீன்பிடிப் படகிலிருந்து பலவந்தமாகப் பிடிக்கப்பட்டுக் கடற்படையிற் சேர்க்கப்பட்டவர். அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் ஸ்டோனிங்டன் துறையிலிருந்து வந்த, 21 வயதே நிரம்பிய நதானியல் பால்மர் 'ஹீரோ' என்னும் சிறு கப்பலிலிருந்து இந்நிலத்தைக் கண்டார். 1821 பெப்ரவரி 7 ஆம் நாள் ஜோன் டேவிஸ் என்னும் அமெரிக்கக் கப்பல் தலைவர், கடல்நாய்களைத் தேடிக் கரைக்குப் படகு அனுப்பியதாகத் தமது நாட்குறிப்பில் எழுதினார். கண்டத்தின் மீது மனிதன் காலடி வைத்த முதல் நிகழ்ச்சி இதுவாக இருக்கலாம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அக்கரையோரம் இன்று டேவிஸ் கரை எனப்படுகின்றது. இறங்கி நடந்தவர்களோ 'படகு' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிவிட்டனர். குடாநாட்டின் பெயர் வரலாறு முழுவதற்கும் இவ்வொரு சொல்லே தக்க முகவுரை எனலாம்.

பால்மரும் டேவிஸும் வந்தது மென்மயிர்த் தோலுக்காக. அண்மையிலுள்ள தென் செற்லாந்துத் தீவுகளில் 1821, 1822 ஆகிய இரு ஆண்டுகளில் மாத்திரம் 320,000 கடல்நாய்கள் கொல்லப்பட்டன என்று, பின்னர் அப்பக்கம் சென்ற ஜேம்ஸ் வெடெல் என்னும் கப்பல் தலைவர் கணக்கிட்டார். சில பருவங்களுக்குள் அவ்வினம் அங்கே அறவே அருகிவிட்டது. கண்டுபிடிப்பின் சகாப்தம் என்று பாடநூல்கள் புகழும் காலம் இதுவே. வெடெலின் பெயர் கடலுக்கும், ஒருவகைக் கடல்நாய்க்கும் கூட வழங்குகின்றது.

1832 இல் எண்டர்பி என்னும் லண்டன் திமிங்கிலவேட்டை நிறுவனத்தின் கப்பல்களோடு வந்த ஜோன் பிஸ்கோ, மேற்குக் கரையோரத் தீவொன்றுக்கு அரசி அடலெயிட்டின் பெயரைச் சூட்டினார். பெருநிலத்துக்குக் 'கிரகாம் நிலம்' என்ற பெயர் கிடைத்தது. யார் இந்தக் கிரகாம்? அப்போது பிரித்தானியக் கடற்படைத் திணைக்களத்தின் தலைமை வகித்த அமைச்சர் சேர் ஜேம்ஸ் கிரகாம். அவர் தென்கடலைக் கண்டவரல்லர். பிற்காலத்தில் உள்நாட்டு அமைச்சராக இருந்து, 1842 இல் சாசன இயக்கத் தொழிலாளரின் பெரும் வேலைநிறுத்தம் அடக்கப்பட்ட காலத்தில் பொறுப்பு வகித்தவரும், 1844 இல் இத்தாலிய விடுதலை வீரர் மாசினியின் கடிதங்களைத் தபாலில் திறந்து பார்ப்பித்ததற்காக நாடெங்கும் தூற்றப்பட்டவரும் இவரே. அவர் பெயர் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் நீளமான மலைநிலத்தில் நிலைபெற்றது. பிஸ்கோவோ 1843 இல் வறிய நிலையில், தாயகம் திரும்பும் வழியில் கடலிலேயே இறந்தார்.

கடல்நாய் ஒழிந்தபின் திமிங்கிலத்தின் முறை வந்தது. 1893 இல் 'ஜேசன்' என்னும் கப்பலில் கிழக்குக் கரையோரமாகச் சென்ற நோர்வீஜியர் கார்ல் அன்ரன் லார்சன் சூட்டிய பெயர்களை வரிசைப்படுத்திப் பார்க்க வேண்டும். ஒஸ்கார் அரசர் ஒரு கரைக்கு. வெடிக்கும் ஈட்டியெறி பீரங்கியை உருவாக்கி நவீன திமிங்கில வேட்டைக்கு வழிகோலிய ஸ்வென் பொய்ன் மற்றொரு கரைக்கு. ஹம்பேர்க் வணிக நிறுவனமொன்றின் பங்காளரான றொபேட்சன் ஒரு தீவுக்கு. அரசன், கருவி, மூலதனம் ஆகிய மூன்றும் ஒரே பயணத்தில் அருகருகே இடம்பெற்றுவிட்டன. எந்தப் பொருளாதார நூலும் இவ்வளவு சுருக்கமாக அக்காலத்தைச் சொல்லியிராது. இருபதாம் நூற்றாண்டில் தென் அரைக்கோளத்தில் கொல்லப்பட்ட திமிங்கிலங்கள் ஏறத்தாழ 20 இலட்சம்.

விஞ்ஞானப் பயணங்கள் தொடங்கியபோது பெயர்களின் நிறம் சற்றே மாறிற்று. 1898 இல் 'பெல்ஜிக்கா' கப்பலில் வந்த அத்ரியன் டி ஜெர்லாச் தமக்கு ஆதரவளித்த பெல்சிய மாகாணங்களின் பெயர்களைத் தீவுகளுக்கு இட்டார். பிரெஞ்சுக்காரரான சார்க்கோ 1903 முதல் 1910 வரை நடத்திய இரு பயணங்களில் குடியரசுத் தலைவர்களான லூபே, பாலியர் ஆகியோரின் பெயர்களைக் கரைகளுக்கும், தம் மனைவி மார்கரித்தின் பெயரை ஒரு பெருங்குடாவுக்கும் சூட்டினார். பெண்கள் இப்படத்தில் நுழைந்த வாயில் பெரும்பாலும் இதுதான்: ஒன்று அரசியாக இருக்கவேண்டும், அன்றேல் மனைவியாக இருக்கவேண்டும். தாமே அங்கு சென்று குளிர்காலத்தைக் கழித்த முதற் பெண்கள் இருவர், எடித் ரோனும் ஜெனி டார்லிங்டனும், 1947 இலேதான் ஸ்டோனிங்டன் தீவை அடைந்தனர்.

இங்கே நியாயமாக ஒன்றைச் சொல்லியாகவேண்டும். சாதாரண மாலுமியின் பெயர் முற்றாக இல்லாமற் போகவில்லை. பெல்ஜிக்காவில் வேலைசெய்த கார்ல் ஆகுஸ்ட் வீன்க்கே என்னும் நோர்வீஜிய இளைஞர் 1898 சனவரியில் புயலிடைக் கடலில் வீழ்ந்து மாண்டார். அழகிய மலைகள் நிரம்பிய வீன்க்கே தீவு அவர் பெயரைத் தாங்குகின்றது. ஆயின் இத்தகைய இடத்தை மாலுமி பெறுவதற்கு அவன் கொடுத்த விலை எது என்பதையும் நாம் மறக்கலாகாது. அமைச்சருக்கு அலுவலகத்தில் இருந்தவாறே கிடைத்தது மாலுமிக்கு இறந்தபின் கிடைத்தது.

இதைவிடத் தெளிவான சான்று குடாநாட்டின் வடமுனையில் உண்டு. சுவீடனைச் சேர்ந்த நோர்டன்ஷீல்டின் பயணத்தில், 1903 ஆம் ஆண்டின் குளிர்காலத்தை மூவர் ஹோப் குடாவில் தாமே அடுக்கிய கற்குடிசையொன்றுக்குள் கழிக்க நேர்ந்தது. ஒருவர் விஞ்ஞானி குன்னார் அன்டர்சன். இன்னொருவர் படை அதிகாரியும் தேசப்படம் வரைபவருமான துயூசே. இவர் பின்னாளில் துப்பறியும் நாவல்கள் எழுதிப் பெயர் பெற்றார். மூன்றாமவர் தொரால்வ் குருண்டன் என்னும் மாலுமி. மூவரும் ஒரே குடிசையில் ஒரே கடல்நாய்க் கொழுப்பை எரித்து, ஒரே பென்குவின் இறைச்சியைத் தின்று உயிர் தப்பினர். மாலுமியின் கைத்தொழிலறிவு இல்லாதிருந்தால் ஏனைய இருவரும் பிழைத்திருப்பரா என்பது ஐயமே. பின்னர் பெயர் வழங்கப்பட்டபோது என்ன நிகழ்ந்தது? விஞ்ஞானிக்குக் கிடைத்தது ஒரு தீவு. அதிகாரிக்குக் கிடைத்தது ஒரு குடா. மாலுமிக்குக் கிடைத்தது குடாவின் வாயிலில் நிற்கும் ஒரு பாறை. இப்பெயர்களை ஒரே மனிதன் ஒரே நாளில் இட்டானல்லன். வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு கைகள் இட்டவை அவை. அதனாலேயே இது கூடுதலாகக் கவனிக்கத்தக்கது. எவரும் திட்டமிடாமலே படிநிலை தன்னைத் தானே எழுதிக்கொண்டது. சமுதாயத்தின் கருத்துநிலை செயற்படும் முறை இதுவன்றோ!

அடுத்து வந்தது ஆகாயவிமானத்தின் காலம். 1928 டிசம்பர் 20 ஆம் நாள் ஹியூபேட் வில்கின்ஸ் டிசெப்சன் தீவிலிருந்து விமானமேறிக் குடாநாட்டின் நெடுகப் பறந்தார். அமெரிக்கப் பத்திரிகை அதிபர் ஹேர்ஸ்ற் பணம் தந்தார். ஆகவே தெற்கே தெரிந்த நிலம் 'ஹேர்ஸ்ற் நிலம்' ஆயிற்று. கீழே தெரிந்த பனிப்பள்ளங்களைக் கடல்வாய்க்கால்கள் எனக் கருதிய வில்கின்ஸ், இது குடாநாடன்று, தீவுக்கூட்டமே என முடிவுசெய்தார். இல்லாத அவ்வாய்க்கால்களுக்கும் ஆதரவாளரின் பெயர்கள் சூட்டப்பட்டன. ஒரு நுழைகுடா 'மொபிலோயில்' என்னும் பெயரைப் பெற்றது. அது மனிதரின் பெயரன்று. அவுஸ்திரேலிய வக்கும் எண்ணெய்க் கம்பெனி விற்ற மசகெண்ணெயின் பெயர். இயற்கையின் ஓர் உறுப்பு விளம்பரப் பலகையாக மாறிய அதிசயத்தை அங்கே காண்கின்றோம்.

1934 முதல் 1937 வரை ஜோன் றைமில் என்பவரின் தலைமையில் 16 பேர், 'பெனோலா' என்னும் சிறு பாய்க்கப்பலோடும் நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டிகளோடும் ஒரு சிறு விமானத்தோடும் இப்பகுதியில் உழைத்தனர். பனியின்மேல் நடந்து அளந்தபோது வாய்க்கால்கள் மறைந்தன. நிலம் முழுவதும் தொடர்ந்து கிடக்கும் ஒரே குடாநாடு என்பது நிலைநாட்டப்பட்டது. மேலிருந்து விரைந்து பார்த்த பார்வை பிழைத்தது. காலால் அளந்த உழைப்பு அதைத் திருத்திற்று. ஆயினும் பெயர்கள் போகவில்லை. கிறேன் வாய்க்கால் கிறேன் பனிக்கட்டியாறு ஆயிற்று. ஹேர்ஸ்ற் நிலம் சுருங்கி ஹேர்ஸ்ற் தீவு ஆயிற்று. பொருள் பொய்யானபோதும் பெயர் நிலைத்தது. ஏனெனில் பெயருக்கு ஆதாரம் பொருளன்று, செலுத்தப்பட்ட பணம்.

இதுவரை கண்டவற்றைத் தொகுத்து நோக்கின் ஓர் ஒழுங்கு புலப்படும். கடல்நாய்த் தோலும் எண்ணெயும். பின்னர் திமிங்கில எண்ணெய். அதன்பின் மண்ணிலிருந்து எடுத்த எண்ணெய். எண்டர்பியின் கப்பல்களிலிருந்து பொய்ன் வழியாக மொபிலோயில் வரைக்கும், இக்குடாநாட்டின் பெயர்ப் பட்டியலை எண்ணெயின் சரித்திரம் என்றே வாசிக்கலாம். இக்கண்ணியை வாசகர் நினைவில் வைத்திருத்தல் வேண்டும். இறுதியில் அதற்குத் திரும்புவோம்.

வணிகனுக்குப் பின்னால் அரசு வந்தது. 1908 ஆம் ஆண்டில் பிரித்தானியா ஒரு பிரகடனத்தின் மூலம் இப்பகுதியைத் தனதாக்கிற்று. இலண்டனில் வரைந்த எல்லைக்கோடு எவ்வளவு அசட்டையானது என்றால், ஆர்ஜென்டீனா, சிலி ஆகிய நாடுகளின் தென்பகுதியும் அதற்குள் அகப்பட்டுக்கொண்டது. 1917 இல் அதைத் திருத்தவேண்டி வந்தது. சிலி 1940 இலும் ஆர்ஜென்டீனா அதே பத்தாண்டிலும் தத்தம் உரிமையை அறிவித்தன. மூன்று உரிமைகளும் இதே குடாநாட்டின்மேல் ஒன்றன்மேலொன்றாகக் கிடந்தன. பிரித்தானியருக்குக் கிரகாம் நிலம். அமெரிக்கருக்குப் பால்மர் குடாநாடு. சிலியருக்கு ஒ'ஹிகின்ஸ் நிலம். ஆர்ஜென்டீனருக்குச் சான் மார்ட்டின் நிலம்.

ஒ'ஹிகின்ஸும் சான் மார்ட்டினும் ஸ்பானிய ஏகாதிபத்தியத்தை எதிர்த்துப் போராடிய விடுதலை வீரர்கள். கிரகாமின் பெயரை அகற்றி அவர்கள் பெயரை வைத்தால் நம்போன்றோர் மகிழவேண்டாமா என்று கேட்கலாம். இங்கேதான் விமரிசகன் நிதானிக்க வேண்டும். விடுதலை வீரன் தன் மக்களை விடுவித்தான்; அவன் பெயரைக் கொண்டு ஆளில்லா நிலத்தை வளைத்துப்போட முனைவோர் அவன் செய்த காரியத்தைத் தொடர்கின்றவரல்லர். பெயர் முற்போக்கானதாக இருந்தும் பெயரிடும் செயல் பழைய உடைமைச் செயலாகவே இருக்கக்கூடும். 1948 பெப்ரவரியில் சிலியின் தலைவர் கொன்சாலெஸ் விடேலா குடாநாட்டுக்கே வந்து ஒ'ஹிகின்ஸ் தளத்தைத் திறந்துவைத்தார். அதே மாதத்தில் அவரது அரசு, கவிஞரும் செனற்றருமான பாப்லோ நெருடாவைக் கைதுசெய்யத் தேடிக்கொண்டிருந்தது. ஒருகாலத்தில் கொழும்பில் கொன்சல் பதவி வகித்த அந்தக் கவிஞர் தலைமறைவாகி 1949 இல் குதிரைமீது அந்தீசைக் கடந்து தப்பினார். விடுதலை வீரனின் பெயரால் தளம் திறந்தவர் தன் நாட்டில் தொழிலாளர் இயக்கத்தை நசுக்கிக்கொண்டிருந்தார். குடாநாட்டின் மேற்குக் கரையில் மற்றொரு சிலியத் தளம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

பிரித்தானியரும் சும்மா இருக்கவில்லை. உலக யுத்தத்தின் நடுவே, 1943 முதல் 1945 வரை, 'தபரின்' என்ற மறைபெயருடன் இரகசியப் படைமுயற்சியொன்று நடந்தது. தளங்கள் எழுந்தன, பென்குவின்களுக்கிடையே தபாற்கந்தோர் திறக்கப்பட்டது, 'கிரகாம் நிலம்' எனப் பொறித்த முத்திரைகள் 1944 இல் வெளிவந்தன. தபால் முத்திரையும் நீதவான் பதவியும் பெயர்ப்பலகையும் சட்டத்தின் முன் ஆட்சிக்குச் சாட்சி. பெயர் அலங்காரமன்று என்பதை அரசுகள் நன்கறியும். 1952 பெப்ரவரியில் ஹோப் குடாவில் இறங்கிய பிரித்தானியரின் தலைகளுக்கு மேலாக ஆர்ஜென்டீனப் படையினர் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டனர். ஆங்கிலத்தில் 'ஹோப்', ஸ்பானியத்தில் 'எஸ்பெரன்சா'. இரண்டுக்கும் பொருள் நம்பிக்கை. பொருளில் ஒன்றான பெயரை இரு மொழியில் சொல்லிக்கொண்டு துப்பாக்கியை நீட்டினர்.

1959 டிசம்பர் 1 ஆம் நாள் 12 நாடுகள் அந்தாட்டிக்கு உடன்படிக்கையில் ஒப்பமிட்டன. 1961 இல் அது நடைமுறைக்கு வந்தது. உரிமைக் கோரிக்கைகள் உறையவைக்கப்பட்டன, படைமுயற்சி தடுக்கப்பட்டது. இது மனிதகுலத்துக்கு ஒரு நற்பேறு என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அப்பன்னிரண்டில் ஆசியாவிலிருந்து யப்பான் ஒன்றே. ஆபிரிக்காவிலிருந்து நிறவெறி அரசு ஆண்ட தென்னாபிரிக்கா ஒன்றே. 1956 இல் இந்தியா இவ்விடயத்தை ஐக்கிய நாடுகள் சபையில் எழுப்ப முயன்றது. சிலியும் ஆர்ஜென்டீனாவும் எதிர்க்க, அது விவாதத்துக்கு வராமலே கைவிடப்பட்டது. 1964 இல் வாஷிங்டனிலும் லண்டனிலும் இருந்த இரு பெயர்க்குழுக்கள் தமக்குள் உடன்பட்டன: முழுமைக்கும் அந்தாட்டிக்குக் குடாநாடு, வடபகுதிக்குக் கிரகாம் நிலம், தென்பகுதிக்குப் பால்மர் நிலம். எவருடைய பெயருமற்ற பொதுப்பெயர் கிடைத்தது நன்றே. ஆயின் அப்பொதுமையின் கீழ் அமைச்சரும் தோல்வணிகரும் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டதைக் காணாதிருக்க முடியாது.

இனி இலக்கியவாதிகளாகிய நமக்கு நேரே தொடர்புள்ள பகுதிக்கு வருவோம். அளவை வேலை பெருகியபோது ஆயிரக்கணக்கான பெயர்கள் வேண்டியிருந்தன. பிரித்தானியக் குழு இதற்காகப் பொருள்வாரியாகப் பெயர்களைத் தெரிந்தெடுத்தது. ஓரிடத்தில் ஆகாயப் பயண முன்னோடிகள். ஓரிடத்தில் மருத்துவ முன்னோடிகள். அலெக்சாந்தர் தீவில் பேதோவன், மொசார்ட், பாக் முதலிய இசைமேதைகள். பிற் தீவுகளில் டிக்கின்ஸின் பிக்விக்கும் அவர் தோழர்களும். மருத்துவ வரிசையில் இப்னு சீனாவின் பெயர் தாங்கிய ஒரு குடாவும் உண்டு. அரசரையும் அதிபரையும் விட்டு அறிவையும் கலையையும் நாடிய இம்முயற்சி வரவேற்கத்தக்கதே. 1990 களில் இருந்து பல்கேரியரும் தம் ஊர்ப்பெயர்களையும் வரலாற்றுப் பெயர்களையும் ஆயிரத்துக்கு மேலாக இப்பகுதியில் இட்டுள்ளனர். 1998 இல் சர்வதேச விஞ்ஞானக் குழு வெளியிட்ட ஒன்றிணைந்த பெயரகராதி, எந்நாட்டின் பெயருக்கும் முதன்மை தராது அனைத்தையும் அருகருகே வைக்கின்றது.

ஆயின் ஒரு வரிசை நம்மைத் திடுக்கிட வைக்கின்றது. கிழக்கே ஒஸ்கார் கரையில், 1950 களில் இருந்து, ஹேர்மன் மெல்வில் 1851 இல் வெளியிட்ட 'மொபி டிக்' நாவலின் பாத்திரங்கள் குடியேற்றப்பட்டனர். கப்பலான பீகொட்டுக்கு ஒரு பனிக்கட்டியாறு. அதன் அதிகாரிகளான ஸ்டார்பக், ஸ்டப், பிளாஸ்க் ஆகிய மூவருக்கும் மூன்று பனிக்கட்டியாறுகள். ஈட்டியெறிவோரான தென்கடல் தீவினன் குயீக்குவெக்குக்கு ஒரு மலை. அமெரிக்கப் பழங்குடியினன் தாஷ்டெகோவுக்கு ஒரு முனை. ஆபிரிக்கன் டாக்கூவுக்கு ஒரு சிகரம். திமிங்கிலம் வேட்டையாடப்பட்ட கடலுக்கு அருகில் திமிங்கில நாவலை நினைவுகூர்வது பொருத்தமானதே. கறுப்பனையும் பழங்குடியினனையும் உழைப்பின் வீரர்களாகப் படைத்த அம்மாபெரும் நாவலாசிரியனுக்கு இது தகுந்த மரியாதை என்றும் சொல்லலாம்.

என்றாலும் கேள்வி எழாமலில்லை. அமெரிக்கக் கிழக்குக் கரையின் திமிங்கிலக் கப்பல்களில் கறுப்பரும், கேப் வேர்ட் தீவினரும், பழங்குடியினரும் உண்மையாகவே வேலைசெய்தனர், துடுப்பு வலித்தனர், கொழுப்பை உருக்கினர். அவர்களிடமிருந்துதான் மெல்வில் தம் பாத்திரங்களைப் பெற்றார். தேசப்படம் பாத்திரத்தை ஏற்றுக்கொண்டது. பாத்திரத்துக்கு மூலமான மனிதனை ஏற்கவில்லை. உண்மையில் வாழ்ந்த டாக்கூவுக்கு இடமில்லாத பனிவெளியில் கற்பனை டாக்கூவுக்குச் சிகரம் இருக்கின்றது. இது மெல்விலின் குற்றமன்று. நாவல் தன் கடமையைச் செய்தது. இலக்கியத்தை மதித்துக்கொண்டு இலக்கியத்துக்கு ஊற்றான வாழ்க்கையை மறக்கும் பண்பாட்டின் குற்றம் இது. அப்பண்பாடு துருவத்தில் மாத்திரம் உள்ளதென்று நாம் ஆறுதல் கொள்ளலாகாது.

பெயரற்றோரின் நிலைக்கு இன்னொரு சான்று போதும். 1985 இல் தென் செற்லாந்தின் லிவிங்ஸ்டன் தீவில், ஷிரெப் முனைக் கடற்கரையில், சிலிய ஆய்வாளர் ஒரு மண்டையோட்டைக் கண்டெடுத்தனர். ஏறத்தாழ 21 வயதான ஒரு பெண்ணுடையது அது. தென் சிலியின் பழங்குடி வழியினள். கடல்நாய் வேட்டை நடந்த 1820 களை ஒட்டி இறந்தவள் என்பது ஆய்வின் முடிவு. அவள் எவ்வாறு அங்கு வந்தாள் என்பதுபற்றி அறிஞர் இன்னும் விவாதிக்கின்றனர். அக்கடற்கரை 'யாமனா' என்னும் பழங்குடி ஒன்றின் பெயரைப் பெற்றது. அவளது சொந்தப் பெயரை அறிவார் எவருமில்லை. ஆளில்லா நிலம் என்று நாம் திரும்பத் திரும்பச் சொன்னோமே, அந்நிலத்தின் மிகப் பழைய மனித எச்சங்களுள் ஒன்று இப்பெயரற்ற பெண்ணுடையது.

உழைப்பவன் தானே பெயரிட்ட இடங்களும் சில உண்டு. அவற்றின் தன்மையே வேறு. வெளியிலிருந்து பார்த்தால் துறைமுகம் இருப்பதே தெரியாமல் ஏமாற்றுவதால் 'டிசெப்சன்', அதாவது ஏமாற்றுத் தீவு. புயலுக்கு ஒதுங்க இடம் தந்ததால் போலும் திமிங்கில வேட்டையாளர் வழங்கிய 'சுவர்க்கத் துறை'. கொழுப்புருக்கும் மிதக்கும் ஆலையாக இருந்த கப்பலொன்றின் பெயரால் 'நேக்கோத் துறை'. இப்பெயர்களில் எவரும் எவருக்கும் வணக்கம் செலுத்தவில்லை. கண்ணும் கையும் பட்டறிந்தது பெயராயிற்று. டிசெப்சன் தீவில் 1912 முதல் 1931 வரை இயங்கிய ஆலையின் தொழிலாளருக்கு ஓர் இடுகாடு இருந்தது. 1969 இல் எரிமலை வெடித்தபோது சேற்றுப் பெருக்கு அதனையும் மூடிவிட்டது.

அப்படியாயின் பெயர்களையெல்லாம் மாற்றிவிட வேண்டுமா? வேண்டாம் என்பதே எமது கருத்து. மொபிலோயில் என்ற பெயரை அழித்துவிட்டால் அழிவது சான்று மாத்திரமே. குற்றப்பத்திரிகையை எரிப்பதால் குற்றவாளிக்கே நன்மை. வேண்டியது வாசிப்பு. பெயரை மாத்திரம் அச்சிடாது, அது யாருக்காக, யாருடைய பணத்தால், யாருடைய உழைப்பின்மேல் சூட்டப்பட்டது என்பதையும் கற்பிக்கும் புவியியல் வேண்டும். பெயர் அகராதியைத் தொகுக்கும் அறிஞர் ஒவ்வொரு பெயருக்கும் மூலம் தேடித் தருகின்றனர், அவ்வுழைப்பு போற்றுதற்குரியது. மூலங்களைச் சேர்த்து வைத்துப் பொருள் காண்பது விமரிசகனின் வேலை.

இந்த வேலை அவசரமானது. ஏனெனில் பெயர் தாங்கிய பனியே போய்க்கொண்டிருக்கின்றது. லார்சனின் பெயர் கொண்ட பனித்தட்டின் வடபகுதி 1995 இல் சிதைந்தது. 2002 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஏறத்தாழ ஒரு மாத காலத்துள், அடுத்த பகுதியின் 3,250 சதுர கிலோமீற்றர் நொறுங்கிற்று. தடை நீங்கியதால் பின்னாலிருந்த கிறேன் முதலிய பனிக்கட்டியாறுகள் விரைந்து கடலுக்குள் பாயத் தொடங்கின. 2017 இல் மூன்றாம் பகுதியிலிருந்து ஏறத்தாழ 5,800 சதுர கிலோமீற்றர் அளவான துண்டொன்று பிரிந்தது. 2020 பெப்ரவரி 6 ஆம் நாள் எஸ்பெரன்சா தளத்தில் வெப்பநிலை 18.3 பாகை சதமளவுக்கு உயர்ந்தது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்து வளிமண்டலத்தைச் சூடாக்கியதன் விளைவு இங்கே தெரிகின்றது. அம்மூன்றாம் பனித்தட்டின் தென்கோடியில்தான் மொபிலோயில் நுழைகுடா இருக்கின்றது. 1991 இல் ஒப்பமிட்ட மட்ரிட் உடன்பாடு இக்கண்டத்தில் கனிப்பொருள் அகழ்வதைத் தடுத்தது. ஆயின் வேறிடத்தில் அகழ்ந்து எரிக்கும் எண்ணெய் எல்லைக்கோட்டை மதிப்பதில்லை.

1928 இல் ஒரு விமானத்திலிருந்து விளம்பரத்துக்காக வீசப்பட்ட பெயர் இன்று சாட்சியாக மாறியுள்ளது. உருகிய நீர் கடலோடு கலந்து எல்லாக் கரைகளிலும் ஏறுகின்றது. அது முதலில் நனைப்பது எண்ணெய்க் கம்பெனிப் பங்காளரின் வாசலையன்று. தாழ்ந்த கரையோரங்களிலும் சிறு தீவுகளிலும் குடிசைகட்டி வாழ்வோரின் முற்றத்தையே. அவர்களும் பெயர் அச்சிடப்படாதவர்களே. ஆளில்லா நிலத்தில் இட்ட பெயர்கள் எவரையும் புண்படுத்தா என்ற வாதத்துக்கு இதைவிட வேறு மறுமொழி வேண்டியதில்லை. தேசப்படத்தைப் பார்க்கும் ஒவ்வொரு மாணவனும் அதிலுள்ள பெயரை உச்சரிக்கக் கற்பதோடு நில்லாது, அதில் இல்லாத பெயர்களை வினவவும் கற்கவேண்டும். அவ்வினாவை அவன் நாவில் வைப்பது எழுத்தாளரின் கடமை.